அகராதிக்காரர் வீட்டுப் பிசிறு

அகராதிக்காரரின் சட்டைக் காலருக்குள்ளிருந்து முதன்முதலாகப் பிசிறு கொட்டியது ஒரு செவ்வாய்க்கிழமை, தேநீர் வரும் நேரத்தில், பூனைக்கு ஏன் பூனை என்று பெயர் வந்தது என்று அவர் தட்டச்சுக்கார அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது. ஒரு கைப்பிடி இருக்கும். சாம்பல் நிறம். அவர் போட்டிருந்ததோ வெள்ளைச் சட்டை. வெள்ளைச் சட்டைக்குள்ளிருந்து சாம்பல் பிசிறு எப்படி வரும் என்று யாரும் கேட்கவில்லை. தட்டச்சுக்கார அம்மா தும்மினார், பியூன் துடைப்பத்தை எடுத்துவந்து கூட்டினார், தேநீர் ஆறுகிறதே என்று எல்லோரும் அவரவர் நாற்காலிக்குப் போனார்கள். அந்த வருஷம் பஞ்சு விலை ஏறியிருந்தது, மழை சுமார், அகராதி ஒருவழியாக 'ப' என்ற எழுத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

அகராதி அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் நடு மாடியில் இருந்தது. கீழே பல் டாக்டர், மேலே நடன வகுப்பு. கீழிருந்து அலறலும் மேலிருந்து காலடிச் சத்தமும் வந்துகொண்டிருக்க, நடுவில் ஆறேழு பேர் உட்கார்ந்து மொழியிலுள்ள சொற்களையெல்லாம் அட்டைகளில் எழுதி வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பொருள் எழுதுவார், ஒருவர் எடுத்துக்காட்டு வாக்கியம் எழுதுவார். அகராதிக்காரரின் பங்கு மூலம். அதாவது, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, எந்த வேரில் முளைத்தது என்று சொல்வது. வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று கேட்டவர்களிடம் அவர் மனைவி ஆரம்பத்தில் "மூலம் பாக்கறாரு" என்று சொல்லப்போய், தெருவில் சிலர் அவரை வைத்தியர் என்று நினைத்துக்கொண்டு வெட்கத்தோடு வந்து கதவைத் தட்டியதும் உண்டு. அவர்களையும் அவர் சும்மா அனுப்பவில்லை. உட்காரவைத்து, அந்த வியாதிக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று சாவகாசமாகச் சொல்லித்தான் அனுப்பினார். அவர்களால் அவ்வளவு நேரம் உட்கார முடியாது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

அவரிடம் இருந்த குறை ஒன்றே ஒன்றுதான், அதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. 'தெரியாது' என்று சொல்ல அவருக்கு வராது. 'தெரியாது' என்ற சொல்லுக்கு அகராதியில் மூலம் எழுதியவரே அவர்தான், ஆனால் அதை அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. யாராவது ஒரு சொல்லைச் சொல்லி இது எப்படி வந்தது என்று கேட்டுவிட்டால் போதும், முதுகு தானாக நிமிரும், விரல் தானாக உயரும், வாய் தானாக ஆரம்பித்துவிடும். என்ன சொல்லப்போகிறோம் என்பது சொல்லி முடிக்கும்போதுதான் அவருக்கே தெரியும். முகம் கழுவும்போது கண்ணாடியைப் பார்த்து, "வாய்தாண்டா உனக்கு. மத்ததெல்லாம் வாடகைக்கு" என்று தன்னைத்தானே திட்டிக்கொள்வார். திட்டிவிட்டு, 'வாடகை' என்பது எப்படி வந்தது என்று கண்ணாடிக்குச் சொல்ல ஆரம்பிப்பார்.

பிசிறு தொடர்ந்து கொட்டியது. தொண்டை டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, தொண்டை சாதாரணத் தொண்டைதான் என்றார். கையோடு தன் குடும்பப் பெயரின் மூலத்தைக் கேட்டு, ஒரு குழந்தைத் தலையணைக்குக் காணும் அளவு பிசிறைத் தன் மேசைமேல் வரவழைத்துக்கொண்டார். விஷயம் வெளியே பரவியதும் மொழி அன்பர்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். நம் ஆட்கள் கூடிப் பேசினால் என்ன முடிவுக்கு வருவார்களோ அதே முடிவுதான். மொழித்தாயே மனம் நெகிழ்ந்து சொரிகிற அருள் இது, எவ்வளவு ஆழமான உண்மையோ அவ்வளவு பிசிறு. அகராதிக்காரருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தன்னைப் புகழும் எந்தக் கருத்தும் அவருக்கு நியாயமாகத்தான் படும்.

கூட்டத்துக்குக் கூட்டம் அழைத்தார்கள். அவர் மேடையில் ஏறி, சாளரம் என்று நாம் சொல்லியிருக்க வேண்டிய ஜன்னலும் நம்முடையதே, சன்னமாய் நல்ல காற்று வருவதால் சன்னல் என்பார். முன்வரிசை முழங்கால் வரை மூழ்கும். பேனா நம்முடையதே, அது பேசாத நா என்பார். மின்விசிறியில் பிசிறு சிக்கி நிற்கும். ஜனங்கள் கைதட்டி, தும்மி, மறுபடி கைதட்டி, ஆளுக்கொரு பிடியைப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். ஒரு நாள் கூட்டத்தில் ஒருவர் 'சாவி' எப்படி வந்தது என்று கேட்டார். அகராதிக்காரருக்கு அன்று வயிறு சரியில்லை, சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும். அதனால் அவசரத்தில் உண்மையைச் சொல்லிவிட்டார். அது கப்பலில் வந்தவர்கள் விட்டுவிட்டுப் போன சொல், பூட்டோடு சேர்ந்து வந்தது, நாம் வைத்துக்கொண்டோம், அவ்வளவுதான். ஓர் இழை கூட விழவில்லை. யாரும் கைதட்டவில்லை, யாரும் தும்மவில்லை. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அமைப்பாளர் அவர் காலருக்குள் எட்டிப் பார்த்தார். அகராதிக்காரருக்கு வியர்த்தது. உடனே முதுகை நிமிர்த்தி, ஆனால் ஆழ்ந்து நோக்கினால், சாத்தியதை விடுவிப்பதால்தான் அது சாவி என்று எடுத்துவிட்டார். குபீரென்று கொட்டியது. செக்கச்செவேல் என்று, அதுவரை இல்லாத அளவு. நாற்காலியில் ஏறி நின்று கைதட்டினார்கள். பிசிறுக்கு நடுவே கழுத்தளவு நின்றபோதுதான் அவருக்கு உறைத்தது, இது எதற்குக் கொட்டுகிறது என்று. இத்தனை வருஷம் அருள் என்று நினைத்துக்கொண்டிருந்தது அருள் இல்லை. விட்ட சரடெல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தது. கழுத்தளவில் இருந்ததால் தலையில் கைவைத்துக்கொள்ளக்கூட முடியவில்லை.

வீட்டில் மனைவிக்கு இது முன்பே தெரியும். உப்பு தீர்ந்துவிட்டது என்றாலோ முதுகு வலிக்கிறது என்றாலோ கணவரிடமிருந்து ஒன்றும் விழுவதில்லை, ஊர்ச் சொல்லுக்கெல்லாம் மூலம் சொல்லும்போது மட்டும் கொட்டுகிறது என்பதைக் கவனிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை, வீட்டைக் கூட்டுகிறவராக இருந்தால் போதும். மனைவி அதைக் கடைக்காரக் கண்ணோடு பார்த்தார். வீட்டின் கீழ்ப்பகுதியில் அவர் அப்பாவிடமிருந்து வந்த மெத்தை தலையணைக் கடை இருந்தது, மனைவிதான் முதலாளி. பஞ்சு விலை ஏறிக்கிடக்க, வீட்டு ஆள் ஒருவர் காலரிலிருந்து சும்மா கொட்டுவதைக் குப்பையில் போட அவருக்கு மனம் வரவில்லை. அலசிக் காயவைத்து, கோதி, தலையணையில் அடைத்தார். வாங்கிப் போனவர்கள் மறு வாரமே திரும்பி வந்து இன்னொன்று கேட்டார்கள். என்ன தூக்கம், என்ன தூக்கம் என்றார்கள். தூக்க மாத்திரையைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. கண்டிப்பான ஒரு நீதிபதி அந்தத் தலையணையைக் கோர்ட்டுக்கே கொண்டுபோய், அதற்கப்புறம் யாரையும் கோபித்துக்கொள்ளவே இல்லை. மனைவியின் தம்பி கடைக்கு ஒத்தாசையாக வந்து சேர்ந்தார். ஆர்டர் குவிந்தால் அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "மாமா, இன்னைக்கு ரெண்டு டபுள் மெத்தை போகணும். கொஞ்சம் மனசு வைங்க. அலமாரின்னா என்ன மாமா? சோப்புன்னா?" என்று எடுத்துக் கொடுப்பார். அகராதிக்காரர் எவ்வளவோ பிடிவாதமாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்புறம் முதுகு நிமிரும். மாலைக்குள் மெத்தை தயாராகிவிடும்.

"எங்க வீட்டுக்காரரு அகராதி புடிச்சவரு" என்று மனைவி வாடிக்கையாளர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வார். "நான் வேலையச் சொல்றேன். நீங்க வேற மாதிரி எடுத்துக்கிட்டாலும் சரிதான்."

ஊரே தூங்கிய அந்தத் தலையணையில் மனைவிக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. எல்லா நிறத்திலும் அடைத்துப் பார்த்தார். ஜன்னல் பிசிறு குத்தியது, பேனாப் பிசிறு காதுக்குள் முணுமுணுத்தது. கடைசியில் கட்டி தட்டிப்போன பழைய பஞ்சுத் தலையணையிலேயே புரண்டுகொண்டு கிடந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம் நிரந்தரமாகிவிட்டது. "எல்லாம் யார் யாருக்கோ சொன்னது. அதுல போயி நான் எப்படித் தூங்கறது" என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் அகராதிக்காரர் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வெளியே போய்விடுவார். ஏனென்றால் மனைவிக்கென்றே அவர் சொன்னது ஒன்று உண்டு. அது கதை என்று மனைவிக்குத் தெரியாது.

அந்த விஷயம் பழையது. அகராதி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அட்டைகளுக்குப் பசை தடவுவதைத் தவிர ஒன்றும் தெரியாத காலத்தில், வாடகை அறைக்கு ஒரு தலையணை வேண்டுமென்று அவர் இந்தக் கடைக்கு வந்தார். அப்போது அவரிடம் இருந்த ஒரே நல்ல சட்டை ஒரு மலிவுப் பச்சை, துவைக்கத் துவைக்க வாளித் தண்ணீரெல்லாம் பச்சையாகும். கடையில் அப்பாவுக்குப் பதில் மகள் நின்றிருந்தார். பேசிக்கொண்டே கை நீட்டி, வந்தவரின் தோளில் ஒட்டியிருந்த ஒரு பிசிறை எடுத்தார். எடுத்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "அகராதி ஆபீஸ்லயா இருக்கீங்க? அப்ப சொல்லுங்க, இதுக்கு ஏன் பிசிறுன்னு பேரு?" என்று கேட்டார். தோளில் விரல் பட்ட அதிர்ச்சியிலிருந்தே அவர் இன்னும் மீளவில்லை. முதுகு நிமிர்ந்தது. வாழ்க்கையில் முதல் தடவை. பிசிறு என்று ஒரு சின்னப் பறவை இருந்தது என்றார். கட்டை விரல் அளவு. கொடியில் காயும் துணியிலிருந்து ஒவ்வோர் இழையாக உருவிக்கொண்டு போய்க் கூடு கட்டும். துணியில் ஓரம் பிரிந்திருந்தால், 'பிசிறு வந்துட்டுப் போயிருக்கு' என்பார்கள். அப்புறம் அந்தப் பறவை எங்கேயோ போய்விட்டது. பெயர் மட்டும் துணியில் ஒட்டிக்கொண்டது. மகள் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நாளில் அவர் காலரிலிருந்து ஒன்றும் கொட்டவில்லை. அதெல்லாம் பிற்பாடு ஆரம்பித்ததுதான். தலையணை வாங்க மறந்து வெளியே வந்தார். ஒரு வருஷத்துக்குள் கல்யாணம்.

மனைவி கணவர் சொன்ன எந்த மூலத்தையும் நம்பியதில்லை, அந்தப் பறவையைத் தவிர. மற்றதையெல்லாம் கணவர் பிற்பாடு மறுபடி சொல்லக் கொட்டியபோது அவர் இருந்தார், கண்ணால் பார்த்தார். இது ஒன்றைத்தான் கொட்ட ஆரம்பித்த பிறகு கணவர் சொன்னதே இல்லை. உறவுக்காரர்களிடம் சொன்னார், வாடிக்கையாளர்களிடம் சொன்னார், பிறந்த மகளைத் தூங்கவைக்கச் சொன்னார். அந்த மகள் வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டுப் போய்த் தன் குழந்தைக்கு அதையே சொன்னாள். கொடியில் துணி போடும்போதெல்லாம் மனைவி ஒரு நிமிஷம் வானத்தைப் பார்ப்பது வழக்கம். அகராதி மெதுவாக அ, ஆ என்று நகர்ந்துகொண்டிருந்த அத்தனை வருஷமும் அவர் ஒன்றுக்காகத்தான் காத்திருந்தார். 'ப' வர வேண்டும், பிசிறு வர வேண்டும், தன் பறவை அச்சில் வர வேண்டும்.

இப்போது 'ப' வந்துவிட்டது. பிசகைத் தாண்டினார்கள். பிசாசைத் தாண்டினார்கள். பிசாசையே தாண்டிய அகராதிக்காரர் பிசிறில் வந்து மாட்டிக்கொண்டார். பொருள் எழுதுகிறவர் தன் வேலையைச் சுத்தமாக முடித்துக் கொடுத்திருந்தார். துணி, நூல், காகிதம், மரம் ஆகியவற்றின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இழை. குரல் கட்டியவர் பாடும்போது கேட்கும் கரகரப்பு. ஒரு வேலையில் முழுதாக முடியாமல் விட்டுப்போன சில்லறை. சமையலறையில் தண்ணீர் தெளித்து மாவைப் பிசிறுவது தனி. பழைய காலத்தில் நீர்த்துளிக்குப் பிசிர் என்று சொன்னது தனி, அது இதற்கு என்ன உறவு, அண்ணனா தம்பியா, இல்லை பக்கத்து வீடா என்று பொருள் எழுதுகிறவரே கேள்விக்குறி போட்டு வைத்திருந்தார். மூலம் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது. அகராதிக்காரர் பறவையை எழுதலாம் என்று பேனாவை எடுப்பார். எழுதினால் வெளியீட்டு விழாவில் வாயாலும் சொல்ல வேண்டியிருக்கும். கொட்டிவிட்டால், அது பொய் என்று பியூன் உட்பட உலகத்துக்கே தெரியாது, ஆனால் மனைவிக்குத் தெரிந்துவிடும். அப்புறம், தோளில் விரல் பட்ட அந்த மத்தியானம் முதல் இன்று வரை நடந்தது எல்லாமே ஒரு சரடுதானே என்று கேட்பார். எழுதாமல் விட்டாலோ, எங்கே என் பறவை என்று கேட்பார். அகராதிக்காரர் பேனாவை மூடி வைத்துவிடுவார். மூடும்போது, "பேசாத நா, மண்ணாங்கட்டி" என்று அதையும் ஒரு திட்டு திட்டுவார்.

இப்படியே வருஷங்கள் போயின. அகராதி பிசினை எட்டவில்லை. மேல் மாடியில் நடனம் கற்ற பெண்கள் வளர்ந்து, தங்கள் பெண்களை அதே வகுப்பில் கொண்டுவந்து சேர்த்தார்கள். பல் டாக்டரின் மகன் பல் டாக்டரானார். அலுவலக இயக்குநர் நல்ல மனிதர், பொறுமைசாலி, ஆனால் அவருக்கும் ஓய்வு பெறும் காலம் நெருங்கியது. "ஐயா, பிசிறைப் பத்தி மேடையில நீங்க பேசறப்ப மேல இருந்து கீழ வரைக்கும் கொட்டணும். அதை வெச்சுத்தான் வெளியீட்டு விழாவே திட்டம் போட்டிருக்கேன். சீக்கிரம் ஏதாச்சும் எழுதிக் குடுங்க" என்றார். அந்த 'ஏதாச்சும்' அகராதிக்காரரைச் சுட்டது. ஏதாச்சும் எழுதித் தருகிற ஆள். தன்னைப் பற்றி அவரே வைத்திருந்த அபிப்பிராயம்தான், ஆனால் இன்னொருவர் வாயில் கேட்க நன்றாக இல்லை.

அன்று மதியம், கீழே யாருக்கோ பல் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, அவர் காலி இடத்தில் 'மூலம் தெரியவில்லை' என்று எழுதினார். எழுதிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்து படித்தார், பல் பிடுங்கிக்கொண்டு எழுந்தவர் மாதிரி கன்னத்தைத் தடவிக்கொண்டார். இயக்குநர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் மீதி இருக்கும் என்பது போல. "ஐயா, உங்களுக்கே தெரியலைன்னா ஊர் சிரிக்காதா?" என்றார். "சிரிக்கட்டும் சார். நான் எவ்வளவு நாளா தனியாச் சிரிச்சுக்கிட்டிருக்கேன்" என்றார் அகராதிக்காரர். அட்டை அச்சுக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. மைத்துனர் மெத்தை ஏற்றிக்கொண்டு வெளியே போயிருந்தார். மனைவி தரையில் உட்கார்ந்து ஒரு தலையணைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தார். அகராதிக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"ஏம்மா. பிசிறு அச்சுக்குப் போயிடுச்சு."

மனைவியின் முகம் மலர்ந்ததைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை. "பறவைய எழுதிட்டீங்கல்ல?"

"இல்லம்மா. மூலம் தெரியலைன்னு எழுதிட்டேன்."

பழக்கத்தில் இருவரும் அவர் காலரைப் பார்த்தார்கள். ஒன்றும் விழவில்லை. மனைவி ஊசியை மெத்தையில் குத்தி வைத்தார். அப்புறம் எழுந்து, அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு புதுத் தலையணை உறையை எடுத்தார். தனக்கென்று எப்போதோ தைத்து, என்ன அடைப்பது என்று தெரியாமல் மடித்து வைத்திருந்தது. அதன் வாயை இரண்டு கையாலும் விரித்துக் கணவரின் காலருக்குக் கீழே பிடித்தார்.

"சொல்லுங்க."

"எதுக்கும்மா இப்ப..."

"எங்கப்பா கடையில நின்னுக்கிட்டு அன்னைக்கு எப்படிச் சொன்னீங்களோ அப்படியே சொல்லுங்க. பாத்துடலாம்."

அகராதிக்காரர் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுச் சொல்லலாம் என்றார். மனைவி உறையை இறக்கவில்லை. வேறு வழியில்லாமல் ஆரம்பித்தார். எத்தனையோ மேடையில் நிமிர்ந்த முதுகு இன்று கூனிக்கொண்டது. பிசிறு என்று ஒரு சின்னப் பறவை இருந்தது என்றார். முதல் இழை அப்போதே வந்துவிட்டது. பச்சை. துவைத்தால் வாளித் தண்ணீரைப் பச்சையாக்கும் அந்த மலிவுப் பச்சை. மனைவி அதைப் பார்த்தார், கண் நிறைந்தது, ஆனால் உறையை இன்னும் அகல விரித்தார். கட்டை விரல் அளவு என்றார். கொடியில் காயும் துணி என்றார். பச்சை பொலபொலவென்று உறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நிறுத்தலாம் என்று பார்த்தார். "கூடு கட்டறது விட்டுப்போச்சு" என்று மனைவி எடுத்துக் கொடுத்தார், குரல் பிசிறடித்தது. அதையும் சொன்னார். பறவை போனதையும் பெயர் துணியில் ஒட்டிக்கொண்டதையும் சொல்லி முடிக்கும்போது உறை நிறைந்திருந்தது. ஒரு பிடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மனைவி உறையின் வாயைத் தைத்தார், பல்லால் நூலைக் கடித்தார், தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

அகராதிக்காரர் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். நிச்சயம் தன் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள் என்று நினைத்தார். பெட்டி இழுக்கிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஊரையே தூங்கவைத்த பெரிய மனுஷன், கட்டின பெண்டாட்டியை முழிக்கவைத்து விட்டாயே என்று தன்னைத் திட்டிக்கொண்டார். மைத்துனர் திரும்பி வந்து, "என்ன மாமா, சாப்பிடலையா? ஸ்டூல்னா என்ன மாமா?" என்று கேட்டார். "தெரியாதுப்பா" என்றார் அகராதிக்காரர். மைத்துனர் பயந்துபோய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மாடியிலிருந்து பெட்டிச் சத்தம் வரவில்லை. குறட்டைச் சத்தம்தான் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் கேட்காத குறட்டை. மனைவி மாலை எழவில்லை, விளக்கு வைத்த பிறகும் எழவில்லை. மறுநாள் கடை திறந்து, முதல் வாடிக்கையாளர் வந்து, விலை பேசிக்கொண்டிருந்தபோதுதான் படியில் இறங்கி வந்தார். கன்னத்தில் தலையணை மடிப்பின் தடம் இருந்தது. கருவளையம் இல்லை. வாடிக்கையாளரை உட்காரச் சொல்லிவிட்டுக் கணவரைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார்.

"அது பொய்தானே?"

"ஆமா."

"எனக்குன்னு சொன்னதுதானே? வேற யாருக்காவது அதுக்கு முன்னாடி எதாவது சொல்லியிருக்கீங்களா?"

"இல்ல. அதான் முதல். உன் விரலு தோள்ல பட்டுச்சு, வாய் தானாத் திறந்துக்கிச்சு."

மனைவி அவர் காலரையே பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளையாக இருந்தது. ஒன்றும் விழவில்லை. "நல்லாத் தூங்கினேன்" என்றார். "ஆனா கோவம் இருக்கு. அது மெதுவாத்தான் போகும். ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன் நான், பேத்தி வரைக்கும் போயிடுச்சு." கோபம் இருக்கத்தான் செய்தது. பல வாரம் அகராதிக்காரருக்குத் தேநீரில் சர்க்கரை இல்லை. அவர் கேட்கவில்லை, குடித்தார். மனைவி அந்தப் பச்சைத் தலையணையை யாருக்கும் விற்கவில்லை, யாரையும் தொடவும் விடவில்லை.

அப்புறம் மீதிச் சொற்கள் தடங்கலில்லாமல் ஓடின, அகராதியின் 'ப' தொகுதி வெளிவந்தது. விழா மேடையில் அகராதிக்காரர் ஏறி, பிசிறின் மூலம் தெரியவில்லை என்று சொல்லி, நன்றி கூறி இறங்கினார். ஜனங்கள் சுற்றுமுற்றும் பார்த்தார்கள், மின்விசிறி நன்றாகச் சுற்றியது, சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள். இயக்குநர் ஓய்வு பெற்றார். மைத்துனர் பஞ்சுக்கு ஆர்டர் கொடுத்தார், விலை இறங்கித்தான் இருந்தது.

அந்த வாரமே ஒரு நாள் காலையில் மனைவி மாடி பால்கனியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தவர், "ஏங்க, இங்க வாங்களேன். சத்தம் போடாம" என்று கூப்பிட்டார். சர்க்கரை போட்ட தேநீரோடு அகராதிக்காரர் போனார். கொடியில் ஈரத் துண்டின் ஓரத்தில் ஒரு பறவை தொங்கிக்கொண்டிருந்தது. கட்டை விரல் அளவு. மலிவான பச்சை. சிறகின் ஓரமெல்லாம் தையல் பிரிந்த மாதிரி. துண்டிலிருந்து ஓர் இழையை அலகால் பிடித்து, காலை உதைத்துக்கொண்டு, கடன்காரன் மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது. காலையில் தன் தலையணை கொஞ்சம் லேசாக இருந்ததாகவும், மூலையில் ஒரு தையல் விட்டிருந்ததாகவும் மனைவி அப்போதுதான் சொன்னார்.

"இது என்னதுங்க?"

புதிதாகப் பழகியிருந்த 'தெரியாது' அகராதிக்காரரின் நாக்கு நுனி வரை வந்தது. மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிசிறும்மா" என்றார் அவர். "இதோட பேருதான் துணிக்கு வந்துச்சு."

இருவரும் அவர் காலரைப் பார்த்தார்கள். காத்திருந்தார்கள். பறவை இழையை உருவி எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், மறுபடி வந்து, அடுத்த இழையைப் பிடித்தது. காலரிலிருந்து ஒன்றும் விழவில்லை. அகராதிக்காரருக்கு முதலில் நெஞ்சு விம்மியது. அடுத்து வேறொன்று நினைவுக்கு வந்து, சிரிப்பும் அழுகையுமாகப் பொத்துக்கொண்டு வந்தது. வாழ்நாள் முழுக்க வாய்க்கு வந்ததை எழுதித் தள்ளியவர் ஒரே ஓர் இடத்தில் உண்மை எழுதினார், அது அச்சான வாரத்திலேயே தப்பாகிவிட்டது.

"அடுத்த பதிப்புல திருத்திக்கலாம், விடுங்க" என்றார் மனைவி. "அந்தக் கிளிப்ப எடுங்க. துணி காயணும்." அவர் கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். அந்தத் துண்டை மட்டும் இருவரும் தொடவில்லை. அதற்கப்புறம் அந்த வீட்டுக் கொடியில் ஒரு பழைய துண்டு எப்போதும் தொங்கும், வீட்டில் யாரும் அதை எடுத்து மடிப்பதில்லை.